மாதத்துக்கு ஒரு வேலை: அபெனாக்கி மக்களின் வாழ்வும் பண்பாடும், ஓர் எளிய அறிமுகம்

தமிழில் 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம். அவரை விலக்கிப் பேசினால் நாங்கள். ஆங்கிலத்தில் இந்த இரண்டுக்கும் ஒரே சொல்தான். வட அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் வாழும் அபெனாக்கி மக்களின் மொழி இந்த விஷயத்தில் தமிழைப் போன்றது. 'கியோனா' என்றால் நாம். 'நியோனா' என்றால் நாங்கள். தங்கள் தாயகத்தை அவர்கள் 'ந்தாக்கின்னா' என்கிறார்கள். ஆங்கிலம் வழியாகப் படிப்பவருக்கு இது 'நம் நிலமா', 'எங்கள் நிலமா' என்று பிடிபடாது. தமிழில் தயங்காமல் சொல்லிவிடலாம்: எங்கள் நிலம். வந்தவரையும் சேர்த்துச் சொல்வதென்றால் முதலெழுத்து மாறி 'க்தாக்கின்னா' ஆகிவிடும். அந்த ஓர் எழுத்தில் ஒரு வரலாறே இருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

அந்த நிலம் எங்கே இருக்கிறது? இன்றைய வரைபடத்தில் அமெரிக்காவின் வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களின் பெரும்பகுதி, மெய்ன் மாநிலத்தின் மேற்கு, மாசசூசெட்ஸின் வடக்கு, கனடாவின் கியூபெக் மாகாணத்தின் தென்பகுதி. மேற்கே சாம்ப்ளெய்ன் ஏரி. அதன் அபெனாக்கிப் பெயர் 'பிதவ்பாகோக்', அதாவது இடையில் கிடக்கும் ஏரி. இக்கரையில் இவர்கள், அக்கரையில் மொஹாக் மக்கள். 'வொம்பன்' என்றால் விடியல், 'அக்கி' என்றால் நிலம். இரண்டும் சேர்ந்த 'வொம்பனாக்கி'தான் வெளியார் வாயில் அபெனாக்கி ஆனது. கண்டத்தின் கிழக்கோரத்தில், சூரியனை முதலில் பார்க்கும் நிலத்தில் இருப்பவர்கள். மிக்மாக், மாலிசீட், பசமக்வாடி, பெனோப்ஸ்காட் ஆகிய அண்டை மக்களோடு சேர்ந்து வாபனாக்கிக் கூட்டமைப்பு என்று அறியப்படுகிறார்கள். தங்களைத் தாங்களே குறிக்கும்போது 'அல்நொம்பா' என்பார்கள். மனிதர் என்று பொருள். இந்தக் கட்டுரை பெரும்பாலும் மேற்கு அபெனாக்கி மக்களைப் பற்றியது.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடுவது நல்லது. பழங்குடி அமெரிக்கர் என்றதும் திரைப்படங்கள் நம் மனத்தில் ஏற்றிவைத்த குதிரை, எருமைத்தோல் கூடாரம், தலை நிறைய இறகு எல்லாம் நடுச் சமவெளி மக்களுக்கு உரியவை. அபெனாக்கிகள் காட்டு மக்கள், ஆற்று மக்கள். அவர்கள் ஏறிப் போனது மரப்பட்டைப் படகு. குடியிருந்தது மரப்பட்டை வீடு. 'விக்வொம்' என்ற அவர்களுடைய சொல்லுக்கு வீடு என்பதுதான் நேரான பொருள்.

இவர்கள் வாழ்க்கையைப் புரிந்துகொள்ளக் கடவுள் பெயர்களையோ சடங்குகளையோ மனப்பாடம் செய்வதைவிட மாதப் பெயர்களைக் கற்றுக்கொள்வது சிறந்த வழி. ஏனென்றால் அவை வெறும் பெயர்கள் அல்ல, வேலைகள். மார்ச் 'மோசோகாஸ்', மூஸ் வேட்டையாடுபவன். மூஸ் என்பது ஆளுயரத்தையும் தாண்டி வளரும் காட்டுமான். அவர்கள் மொழியில் 'மோஸ்'. ஏப்ரல் 'சோகலிகாஸ்', சர்க்கரை காய்ச்சுபவன். மே 'கிகாஸ்', விதைப்பவன். ஜூன் 'நொக்கஹிகாஸ்', மண் கொத்துபவன். ஜூலை 'தெமஸ்கிகோஸ்', புல் அறுப்பவன். ஆகஸ்ட் 'தெமெசொவாஸ்', அறுவடைக்காரன். செப்டம்பர் 'ஸ்கமோன்காஸ்', 'ஸ்கமோன்' என்றால் மக்காச்சோளம். அக்டோபர் 'பெனிபாகோஸ்', இலை உதிர்ப்பவன். நவம்பர் 'ம்சதானோஸ்', ஆற்றை உறைய வைப்பவன். டிசம்பர் 'பெபோன்காஸ்', குளிர்காலத்தைக் கொண்டுவருபவன். பிப்ரவரியோ 'பியவொன்தாகோஸ்', பனியின் பாரத்தில் கிளைகளை முறித்துப் போடுபவன். நிலவே வந்து வேலையைத் தொடங்கிவைப்பதாக இந்தப் பெயர்கள் சொல்கின்றன. புல் அறுப்பதும், ஆங்கிலத்திலிருந்து வந்த 'சோகல்' என்ற சர்க்கரைச் சொல்லும் இருப்பதைப் பார்த்தால் இவை உறைந்துபோன பழம்பெயர்கள் அல்ல, வாழ்க்கையோடு மாறி வந்தவை என்பது தெரியும்.

ஜனவரி மட்டும் வேறு மாதிரி. 'அலமிகோஸ்', வாழ்த்துச் சொல்லும் மாதம். புத்தாண்டில் ஒருவரையொருவர் பார்த்து அவர்கள் சொல்லும் வாசகம் 'அன்ஹல்தமாவி காசி பலிலவலியன்'. உனக்கு நான் செய்த தவறு எதுவானாலும் அதை மன்னித்துவிடு என்று பொருள். குளிர்காலத்தில் சில குடும்பங்கள் மட்டும் ஒன்றாக, மாதக்கணக்கில் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டியிருந்த வாழ்க்கை இது. மனக்கசப்பை மிச்சம் வைத்துக்கொண்டு அங்கே காலம் தள்ள முடியாது.

கதை சொல்லும் காலமும் குளிர்காலம்தான். அந்தக் கதைகளில் ஒன்றில் வரும் ஒட்சிஹோசோ தன்னைத் தானே மண்ணிலிருந்து உருவாக்கிக்கொண்டவர். கால்கள் முளைப்பதற்கு முன்பே நகர ஆசைப்பட்டு உடலை இழுத்துக்கொண்டே போனார்; அவர் இழுத்த தடமெல்லாம் ஆற்றுப் பள்ளத்தாக்குகள், குவிந்த மண்ணெல்லாம் மலைகள். கடைசியாகச் சாம்ப்ளெய்ன் ஏரியைச் செய்து, அதன் அழகை விட்டுப் போக மனமில்லாமல் கல்லாகி அங்கேயே அமர்ந்துவிட்டார். பர்லிங்டன் நகருக்கு எதிரே ஏரியில் நிற்கும் சிறு பாறைதான் அவர். இன்றும் படகில் போய்ப் பார்க்கலாம்.

மார்ச் மாத மூஸ் வேட்டைக்கு ஒரு காரணம் உண்டு. அந்த மாதத்தில் பகலில் இளகும் பனி இரவில் மறுபடி இறுகி, மேலே ஓர் ஓடுபோல் ஆகிவிடும். 400 கிலோ எடையுள்ள மூஸ் அந்த ஓட்டை உடைத்துக்கொண்டு வயிறு வரை புதையும், ஓட முடியாது. பனிச்செருப்பு கட்டிய வேட்டைக்காரர் மேலாக நடந்து நெருங்கிவிடுவார். ஆஷ் மரச் சட்டத்தை ஆவியில் வளைத்து, நடுவே பச்சைத் தோல்வார் பின்னிய செருப்பு அது. பனிச்செருப்புக்கு 'ஒங்கெம்' என்று பெயர். அதற்கான வெள்ளை ஆஷ் மரத்தின் பெயரே 'ஒங்கெமக்வ்'. வாரை ஈரமாக இருக்கும்போதே பின்ன வேண்டும். காய்ந்தால் சுருங்கி முறுக்கேறும். காய்ந்த வாரால் பின்னினால் முதல் ஈரப்பனியிலேயே தொய்ந்துவிடும்.

இனி சர்க்கரை. மேப்பிள் மரத்தில் சாறு எப்போதும் இறங்காது. இரவு நீர் உறையும் குளிர், பகலில் உறைநிலைக்கு மேலே வெயில் என்று மாறி மாறி வரும் சில வாரங்கள்தான் கணக்கு. இரவில் மரம் உள்ளிழுத்த நீரைப் பகலில் அழுத்தம் வெளியே தள்ளுகிறது. தண்டில் சாய்வாக ஒரு வெட்டு, அதன் அடியில் ஒரு மரத்துண்டுக் குழாய், கீழே பர்ச் மரப்பட்டையில் மடித்த தொட்டி. மெலிந்த மரத்தில் வெட்டக் கூடாது. தண்டு குறைந்தது 25 சென்டிமீட்டர் குறுக்களவு இருக்க வேண்டும்.

சாற்றில் சர்க்கரை நூற்றுக்கு ஏறத்தாழ 2 பங்குதான். 40 லிட்டர் சாற்றைக் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு. இரும்புச் சட்டி வருவதற்கு முன்பு இவ்வளவு நீரை எப்படி வற்ற வைத்தார்கள்? வேலையில் பாதியைக் குளிரே செய்துகொடுத்தது. அகலமான தொட்டியில் இரவு முழுக்க விட்டால் மேலே பனிக்கட்டி படியும். உறைவது பெரும்பாலும் நீர். சர்க்கரை அடியில் தங்கிவிடும். காலையில் கட்டியை எடுத்து எறிந்தால் சாறு அடர்த்தியாகி இருக்கும். மீதியை, நெருப்பில் பழுக்கக் காய்ந்த கற்களை இடுக்கியால் எடுத்துத் தொட்டிக்குள் போட்டுக் கொதிக்க வைத்தார்கள். ஆற்றில் கிடந்த கல்லை அப்படியே தீயில் போடக் கூடாது. உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகிக் கல்லை வெடிக்கச் செய்யும்.

தண்ணீர் கொதிப்பது 100 டிகிரி என்றால் பாகு பதம் 104 டிகிரி. அதற்கும் மேலே காய்ச்சி, இறக்கி, ஓயாமல் கிளறினால் பொடிச் சர்க்கரையாக உதிரும். அல்லது அச்சில் ஊற்றிக் கட்டியாக்கலாம். பழைய காலத்தில் பாகைவிடச் சர்க்கரைதான் அதிகம் செய்யப்பட்டது. காற்றுப் புகாத பாத்திரம் இல்லாமல் பாகு பூஞ்சை பிடிக்கும்; கட்டியைப் பட்டைப் பெட்டியில் வைத்தால் ஆண்டு முழுக்கத் தாங்கும். கெடுவது இரண்டு இடங்களில். கடைசிக் கட்டத்தில் கண்ணை எடுத்தால் அடிப்பிடிக்கும். மரத்தில் மொட்டு வீங்கத் தொடங்கிய பிறகு இறக்கிய சாற்றில் ஒரு மட்டமான வாடை ஏறிவிடும். எவ்வளவு காய்ச்சினாலும் போகாது. மொட்டைப் பார்த்ததும் நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

பனி உருகி ஆறு பெருகினால் மீன் ஏறும். சால்மன், ஷாட் போன்ற கடல்மீன்கள் முட்டையிட ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு வரும். நீர்வீழ்ச்சி குறுக்கிடும் இடத்தில் கூட்டமாகத் தேங்கும். அந்த இடங்களிலேயே மக்களும் கூடினார்கள். நியூ ஹாம்ப்ஷயரில் மெரிமாக் ஆற்றின் அமோஸ்கெக் வீழ்ச்சியின் பெயரில் 'நமாஸ்', அதாவது மீன், ஒளிந்திருக்கிறது.

மே மாதம் விதைப்பு. 1605இல் பிரெஞ்சுக்காரர் சாமுவேல் த சாம்ப்ளெய்ன் மெய்ன் கடற்கரையில் சாக்கோ ஆற்று முகத்தில் கண்ட வயலைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். குழிக்கு மூன்று நான்கு மக்காச்சோள மணி, குழிக்குக் குழி மூன்றடி, அதே குழியில் மூன்று நான்கு அவரை, தரையில் பூசணி. சோளத்தண்டு அவரைக்குக் கொழுகொம்பு. அவரையின் வேர் மண்ணுக்கு உரம் சேர்க்கும். பூசணி இலை நிழல் பரப்பிக் களையை அமுக்கும். மூன்றையும் ஒரே நாளில் ஊன்றினால் இது நடக்காது. அவரைக்கொடி முந்திக்கொண்டு இளஞ்சோளத்தைச் சாய்த்துவிடும். சோளம் ஒரு சாண் வளர்ந்த பிறகு அவரையை ஊன்றுவதே பாதுகாப்பு. உறைபனிக்கு முன் விளைந்தாக வேண்டிய குறுகிய கோடை. அதனால் சீக்கிரம் முற்றும், கல்போன்ற மணியுள்ள சோள வகைகளைத்தான் இங்கே போற்றி வந்தார்கள்.

அந்தக் கல்மணியை எப்படிச் சாப்பிடுவது? சாம்பல் வேண்டும். மேப்பிள், ஆஷ் போன்ற வன்மரத்தின் சாம்பலைச் சலித்து, ஒரு படி காய்ந்த சோளத்துக்கு ஏறக்குறைய அரைப் படி என்று நீரில் கலந்து கொதிக்க வைப்பார்கள். அரைமணி முதல் ஒருமணி நேரத்தில் மணியின் மேல்தோல் வழுக்கிக் கழலும். பைன் போன்ற மென்மரச் சாம்பலில் காரம் குறைவு, தோல் விடாது. பிறகு கண் பெரிதாகப் பின்னிய கூடையில் கொட்டி, ஓடும் நீரில் பலமுறை அலச வேண்டும். அலசல் போதவில்லையென்றால் சாம்பல் கசப்பு நாக்கில் நிற்கும். அதன்பின் மறுபடி சில மணி நேரம் வேகவைத்தால் மணி பூவாக மலரும். தோலை நீக்குவது மட்டுமல்ல இதன் பயன். மக்காச்சோளத்தில் பூட்டிக் கிடக்கும் நியாசின் என்ற வைட்டமினைக் காரம் விடுவிக்கிறது. சோளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இந்தச் சாம்பல் முறையை விட்டுவிட்ட ஐரோப்பியர்களில் ஏழைகள், அதையே நம்பி உண்டு, நியாசின் குறைவால் வரும் பெல்லக்ரா நோயில் விழுந்தார்கள்.

ஜூன் கடைசி, ஜூலை தொடக்கம் பட்டை உரிக்கும் காலம். அப்போதுதான் பர்ச் மரத்தின் பட்டை தானாகக் கழல்வதுபோல் வரும். மேலிருந்து கீழாக ஒரே கீறல். கத்தி வெளிப்பட்டையோடு நிற்க வேண்டும். உள்பட்டை வெட்டுப்பட்டால் மரம் பிழைக்காது. உரித்த பட்டை வெள்ளைப் பக்கம் உள்ளே போகும்படி சுருளும். படகு கட்டும்போது அந்தச் சுருட்டின் போக்கிலேயே விடுவார்கள். அதனால் வெள்ளைப் பக்கம் படகின் உள்ளே, வழவழப்பான உள்பக்கம் தண்ணீரில். பலர் இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பட்டையைத் தரையில் விரித்துக் கல் பாரம் வைத்து, இருபுறமும் முளையடித்து நிமிர்த்தி, பிளந்த ஸ்புரூஸ் வேரால் தைத்து, வெந்நீரில் ஊறிய சீடர் விலாச் சட்டங்களை உள்ளே வளைத்து இறுக்குவார்கள். இந்தப் படகுதான் 'விக்வாவோல்'. ஓர் ஆற்றிலிருந்து அடுத்த ஆற்றுக்கு ஒருவரே தோளில் சுமந்து போகலாம்.

தையல் துளைகளை அடைக்க ஸ்புரூஸ் பிசின், விலங்குக் கொழுப்பு, கரித்தூள் மூன்றையும் காய்ச்சிப் பூசுவார்கள். கொழுப்பு குறைந்தால் குளிர்ந்த நீரில் வெடிக்கும்; கூடினால் வெயிலில் ஒழுகும். பட்டைத் துண்டில் கொஞ்சம் பூசி, குளிர்நீரில் தோய்த்து வளைத்துப் பார்ப்பது பழைய சோதனை. விரிசல் விட்டால் கொழுப்பு சேர்க்கவும். விரலில் ஒட்டினால் பிசின் சேர்க்கவும்.

தொடக்கத்தில் விட்ட அந்த ஓர் எழுத்துக்கு இப்போது வரலாம். ஐரோப்பியர் கொண்டுவந்த கொள்ளைநோய்கள் ஊர் ஊராக அழித்தன. 1675இல் ஆங்கிலேயக் குடியேறிகளுக்கும் பழங்குடிகளுக்கும் இடையே மூண்ட கிங் ஃபிலிப் போருக்குப் பின் தெற்கிலிருந்து பலர் வடக்கே நகர்ந்தார்கள். செயின்ட் ஃபிரான்சிஸ் ஆற்றங்கரையில் உள்ள ஒடனாக், பெகன்கூர் ஆற்றங்கரையில் உள்ள வொலினாக் ஆகிய கியூபெக் ஊர்கள் அவர்களின் மையங்களாயின. 1759 அக்டோபர் 4 விடியற்காலையில் ஆங்கிலேயத் தளபதி ராபர்ட் ராஜர்ஸின் படை ஒடனாக்கைத் தாக்கி எரித்தது. ஊர் மறுபடி எழுந்தது. 1965இல் அங்கே தொடங்கிய அபெனாக்கி அருங்காட்சியகம் இன்றும் இயங்குகிறது. ஆவணப்பட இயக்குநர் அலானிஸ் ஒபோம்சாவின் சிறுவயதில் வளர்ந்ததும் இந்த ஊரில்தான்.

இணையத்தில் தேடினால் யார் அபெனாக்கி என்பதிலேயே சச்சரவு கண்ணில் படும். நிலைமை இதுதான்: ஒடனாக், வொலினாக் இரண்டையும் கனடா அரசு அங்கீகரித்திருக்கிறது. வெர்மான்ட் மாநிலம் 2011, 2012 ஆண்டுகளில் நான்கு குழுக்களுக்கு மாநில அங்கீகாரம் அளித்தது. அமெரிக்க மத்திய அரசின் அங்கீகாரம் அவற்றுக்கு இல்லை. அந்தக் குழுக்களை ஏற்க முடியாது என்று ஒடனாக்கும் வொலினாக்கும் சொல்கின்றன. எதைப் படித்தாலும் எழுதியது எந்தத் தரப்பு என்று பார்த்துவிட்டுப் படிப்பது நல்லது. 'எங்கள்' என்ற சொல்லுக்குள் யார் யார் அடக்கம் என்பதே அங்கே வழக்கு.

கூடையைப் பற்றிச் சொல்லாமல் இந்த அறிமுகம் முடியாது. படைப்புக் கதை ஒன்றில் தபால்தாக் என்ற படைப்போன் முதலில் கல்லில் மனிதரைச் செய்தார். அவர்கள் நெஞ்சும் கல்லாகவே இருந்ததால் அழித்துவிட்டு, ஆஷ் மரத்தில் மறுபடி செய்தார். அவர்கள்தான் இன்றைய மக்களின் முன்னோர். மொழியிலும் மரத்துக்கு அந்த மதிப்பு உண்டு. தமிழில் உயர்திணை, அஃறிணை இருப்பதுபோல் அபெனாக்கியில் உயிருள்ளவை, உயிரற்றவை என்று பெயர்ச்சொற்கள் பிரியும். பன்மை விகுதி அதைக் காட்டிக்கொடுக்கும். 'அல்நொம்பா' பன்மையில் 'அல்நொம்பாக்'. மரம் 'அபசி', பன்மை 'அபசியக்'. மனிதருக்கு வரும் அதே ஒலிதான் மரத்துக்கும். கூடை 'அபஸ்நோதா'; பன்மை 'அபஸ்நோதால்', உயிரற்ற வரிசை.

கூடைக்கு வேண்டியது சதுப்பு நிலத்தில் வளரும் கறுப்பு ஆஷ், 'மஹ்லவ்க்ஸ்'. இதன் ஒவ்வோர் ஆண்டு வளையத்திலும் வசந்தத்தில் வளர்ந்த பகுதி துளைகள் நிறைந்து மெத்தென்று இருக்கும். கோடையில் வளர்ந்தது கெட்டியாக இருக்கும். மரத்தை ஓங்கி அடித்தால் மெத்தென்ற பகுதி நொறுங்கி, கெட்டிப் பகுதி நீள நாடாவாக உரிந்து வரும். ஓர் ஆண்டு வளர்ச்சி, ஒரு நாடா.

எல்லா மரமும் உதவாது. முடிச்சில்லாமல், முறுக்கில்லாமல், நேராக, 20 முதல் 30 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள தண்டு வேண்டும். வளையம் மிக நெருக்கமாக இருந்தால் நாடா முறியும். வெட்டிய தண்டு காயக் கூடாது. காய்ந்தால் எத்தனை அடித்தாலும் உரியாது. உடனே வேலை இல்லையென்றால் நீரில் அமிழ்த்தி வைப்பார்கள். பட்டை நீக்கி, கோடரியின் முதுகால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, ஓர் அடியின் தடத்தில் பாதியை அடுத்த அடி மூடும்படி அடித்துக்கொண்டே போக வேண்டும். ஒரு விரற்கடை விட்டுப்போனால் நாடா அங்கே ஒட்டிக்கொண்டு கிழியும். அப்படி வந்த நாடாவை முனையில் லேசாகக் கீறி, இரு பக்கமும் சமமாக இழுத்து மறுபடி இரண்டாகப் பிளந்தால் உள்முகம் பட்டுப்போல் இருக்கும். ஒரு பக்கம் மெலிந்து ஓடினால் தடித்த பக்கத்தை அதிகம் வளைத்து இழுக்க வேண்டும். பிளவு நடுவுக்குத் திரும்பும்.

தடித்த நாடாக்கள் நிற்கும் கால்கள். மெலிந்தவை ஓடும் இழைகள். கால்களின் எண்ணிக்கை இரட்டைப்படையானால் ஒரே இழை சுற்றிவரும்போது மேல்கீழ் மாறாது. அதனால் ஒரு காலை இரண்டாகப் பிளந்து ஒற்றைப்படை ஆக்குவார்கள். ஈரத்தோடு பின்னிய கூடை காய்ந்ததும் இழைகளுக்கு நடுவே சந்து விழும்; காயவிட்டு, இழைகளைக் கீழே அழுத்தி நெருக்கிய பிறகே விளிம்பு கட்ட வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒடனாக் குடும்பங்கள் கோடைக்காலத்தில் சுற்றுலா ஊர்களுக்குப் போய், நறுமணப்புல் சேர்த்துப் பின்னிய அலங்காரக் கூடைகளை விற்றுப் பிழைத்தன. தலைவர் ஜோசப் லாரன்ட் 1884இல் நியூ ஹாம்ப்ஷயரின் இன்டர்வேலில் அதற்கென்றே முகாம் அமைத்தார். அதே ஆண்டு தம் மொழியைக் கற்பிக்கும் ஒரு நூலையும் வெளியிட்டார்.

இன்று அந்தக் கைத்தொழிலின் அடிவேரில் கை வைத்திருப்பது ஆசியாவிலிருந்து வந்த ஒரு பச்சை நிற வண்டு. மரகத ஆஷ் துளைப்பான் என்று சொல்லலாம். 2002இல் மிச்சிகனில் கண்டறியப்பட்டது. 2018இல் வெர்மான்ட், மெய்ன் இரண்டிலும் தென்பட்டது. புழு பட்டைக்கு அடியில் வளைந்து வளைந்து தின்று, மரத்தின் உணவுப் பாதையை அறுத்துவிடும். சில ஆண்டுகளில் மரம் பட்டுப்போகும். கறுப்பு ஆஷ் இதற்கு மிக எளிதில் பலியாகும் இனம். வண்டு ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குத் தாவுவது பெரும்பாலும் விறகோடு. அதனால்தான் அந்தப் பகுதிகளில் விறகை வேறிடத்துக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று வலியுறுத்துகிறார்கள். வண்டு வருவதற்குள் விதைகளைச் சேகரித்து வைக்கும் வேலையும் நடக்கிறது. அதிலும் பொறுமை வேண்டும். கறுப்பு ஆஷ் ஒவ்வோர் ஆண்டும் நன்றாகக் காய்ப்பதில்லை. விழுந்த விதை முளைக்கவே பெரும்பாலும் இரண்டு குளிர்காலம் கடக்க வேண்டும். முளைத்த கன்று கூடைக்கு ஆகும் மரமாக வளரப் பல பத்தாண்டுகள். இன்று விதை பொறுக்குபவர் அந்த மரத்திலிருந்து ஒரு நாடாகூட உரிக்கப் போவதில்லை. உரிக்கப்போவது அவருடைய பேரப்பிள்ளைகள்.